முட்டையை உடைக்காமல் உள்ளே பார்ப்பது எப்படி?

"முட்டைக்குள் வளரும் குஞ்சை, முட்டையை உடைக்காமலேயே ஸ்கேன் செய்து பார்க்கிறார்களாமே, எப்படி முடிகிறது? ஆராய்ச்சிக்கு எலி இருக்கும்போது முட்டை எதற்கு?" என்று கேட்டிருந்தீர்கள். நான் சில வருடங்கள் ஓர் ஆய்வகத்தில் முட்டைகளை எம்.ஆர்.ஐ.க்குள் வைத்துப் படம் எடுக்கும் வேலை பார்த்தவன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நம் வீட்டு முறை. கோழியை அடைக்கு வைத்து ஐந்தாறு நாள் போனதும், இருட்டில் ஒரு டார்ச்சை முட்டையின் அகன்ற முனையோடு ஒட்டிப் பிடித்துப் பார்ப்பார்கள். உயிர் பிடித்த முட்டை என்றால் செம்மஞ்சள் வெளிச்சத்துக்கு நடுவே ஒரு கரும்புள்ளியும், அதிலிருந்து நாலா பக்கமும் கிளை விட்டு ஓடும் ரத்த நாளங்களும் தெரியும். பார்ப்பதற்குச் சிலந்தி மாதிரி இருக்கும். கையை அசைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்தால் அந்தப் புள்ளி தானாக ஆடுவதும் தெரியும். கூமுட்டை என்றால் மஞ்சள் கருவின் நிழல் மட்டும் மிதக்கும். 'காயப்படுத்தாத படப்பிடிப்பு' என்று ஆய்வாளர்கள் சொல்வதன் மூத்த வடிவம் இந்த டார்ச்தான்.

(ஒரு சின்னத் தெளிவு. தமிழில் மஞ்சள் கரு, வெள்ளைக் கரு என்கிறோம், ஆனால் இரண்டுமே கரு அல்ல. ஒன்று சாப்பாடு, மற்றது தண்ணீரும் புரதமும். உண்மையான கரு, மஞ்சளின் மேல் வெளிறிய சிறு வட்டமாக உட்கார்ந்திருக்கும். குழப்பம் வராமல் இருக்க, அதைக் கருக்குஞ்சு என்றே எழுதுகிறேன்.)

உடைக்காமல் பார்ப்பதற்கு ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும்? ஹிப்போகிரேட்டஸ் பெயரில் வழங்கும் கிரேக்க நூல் ஒன்றில் ஒரு சோதனை வருகிறது. இருபது முட்டைகளை எடுத்து இரண்டு மூன்று கோழிகளிடம் அடைக்கு வை, இரண்டாம் நாளிலிருந்து நாளுக்கு ஒன்றாக உடைத்துப் பார், குஞ்சு உருவாகும் வரிசை தெரியும் என்கிறது. அரிஸ்டாட்டிலும் முட்டைகளை உடைத்துப் பார்த்தவர்தான். மூன்றாம் நாளில் இதயம் ஒரு ரத்தப் புள்ளியாக, உயிருள்ளது போலத் துடிப்பதை எழுதி வைத்தார். 1951-இல் விக்டர் ஹாம்பர்கரும் ஹோவர்ட் ஹாமில்டனும் கோழிக் கருவின் வளர்ச்சியை 46 நிலைகளாகப் பிரித்துப் போட்ட அட்டவணைதான் இன்றும் ஆய்வகங்களில் புழங்குகிறது. அதுவும் உடைத்துப் பார்த்துக் கட்டிய அறிவுதான்.

உடைத்துப் பார்ப்பதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இருபது நாளுக்கு இருபது முட்டை என்றால், நாம் பார்ப்பது இருபது வெவ்வேறு குஞ்சுகளை. பத்தாம் நாள் உடைத்த முட்டையில் இதயச் சுவரில் ஒரு துளை இருக்கிறது என்று வையுங்கள். அது எந்த நாளில் தொடங்கியது? அதே குஞ்சை நான்காம் நாள் பார்த்திருந்தால் சொல்லலாம். ஆனால் நான்காம் நாள் உடைத்திருந்தால் அதற்குப் பத்தாம் நாள் என்ற ஒன்றே வந்திருக்காது. ஒரே முட்டையை நாள்தோறும் பார்க்க முடிந்தால், ஒவ்வொரு குஞ்சும் நேற்றைய தன்னோடு ஒப்பிடப்படும். கொல்லும் முட்டைகளின் எண்ணிக்கையும் குறையும். இந்தத் துறைக்குப் பணமும் ஆளும் கிடைப்பதற்குக் காரணம் இதுதான், படம் அழகாக வருவதல்ல.

எலி இருக்க முட்டை எதற்கு என்றால், எலிக் கரு தாயின் வயிற்றுக்குள் இருக்கிறது. அதைப் பார்க்கத் தாயையும் மயக்க வேண்டும், தாய் மூச்சு விட்டாலே படம் கலங்கும். முட்டையில் தாய் கிடையாது. 37.5 டிகிரி வெப்பம், கொஞ்சம் ஈரப்பதம், அவ்வப்போது திருப்பி வைக்க ஒரு கை, இவை இருந்தால் 21 நாளில் குஞ்சு. கோழியின் இதயத்துக்கும் நம்முடையதைப் போல நான்கு அறைகள். அது ஒற்றைக் குழாயாகத் தொடங்கி, வளைந்து, தடுப்புச் சுவர் எழும்பி, நான்காகப் பிரியும் கதையும் பெரும்பாலும் நம் கதைதான். அடைக்கு வைத்த ஒன்றரை நாளிலேயே துடிக்கவும் தொடங்கிவிடுகிறது.

பிறவி இதயக் கோளாறு ஆய்வில் முட்டைக்கு இருக்கும் மதிப்புக்கு ஒரு உதாரணம். நெதர்லாந்தின் லைடன் நகரில் பியாங்கா ஹோகர்ஸ் என்பவரும் உடன் வேலை செய்தவர்களும் 1990களில் ஒன்று செய்தார்கள். மஞ்சள் கருவிலிருந்து கருக்குஞ்சின் இதயத்துக்கு ரத்தம் கொண்டு வரும் நாளங்களில் ஒன்றை மட்டும் அடைத்துவிட்டார்கள். மரபணுவில் கை வைக்கவில்லை, மருந்து கொடுக்கவில்லை. ரத்தம் ஓடும் பாதை மாறியது, அவ்வளவுதான். அந்தக் குஞ்சுகளில் பலவற்றுக்கு இதய அறைகளுக்கு நடுவே துளை, வால்வுக் கோளாறு, பெரிய தமனிகளில் மாற்றம் என்று வந்தன. ஓடும் ரத்தமே இதயத்தைச் செதுக்குகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. ஆனால் நாளத்தை அடைத்த நாளுக்கும் கோளாறு தெரியும் நாளுக்கும் நடுவே நடப்பதை உயிரோடு பார்க்க வேண்டுமே. அதே ஹோகர்ஸ் பின்னாளில் காடைக் கருக்களை எம்.ஆர்.ஐ.க்குள் திரும்பத் திரும்ப வைத்துப் பார்க்கும் வேலைக்கு வந்ததில் ஆச்சரியமில்லை.

சரி, எதைக் கொண்டு பார்ப்பது? டார்ச் வெளிச்சம் முதல் வாரத்துக்குத்தான் லாயக்கு. இரண்டாம் வாரத்தில் குஞ்சு உடலும் ரத்தமும் பெருத்து முட்டையை அடைத்துவிடும்; அகன்ற முனையில் இருக்கும் காற்றறையைத் தவிர எல்லாம் கறுப்பு. அப்போதும் அகச்சிவப்பு ஒளி ஓரளவு ஊடுருவும். ஆஸ்பத்திரியில் விரல் நுனியில் மாட்டும் கிளிப் நாடித்துடிப்பைக் காட்டுவது போலவே, முட்டையின் ஒரு பக்கம் ஒளியைச் செலுத்தி மறுபக்கம் வரும் ஒளி ஏறி இறங்குவதைக் கணக்கிட்டால் இதயத்துடிப்பு கிடைக்கும். உருவம் தெரியாது, எண் மட்டும்தான். உயிர் இருக்கிறதா, துடிப்பு சீராக இருக்கிறதா என்பதற்கு அது போதும்.

கண் ஆஸ்பத்திரியில் ஒளியைச் செலுத்தி விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் ஓ.சி.டி. கருவியைப் பார்த்திருப்பீர்கள். மூன்றாம் நாள் இதயத்தைப் பார்க்க அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை துல்லியம், துடிக்கத் துடிக்கப் படம். ஆனால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாது, ஓடு வழியாகவும் போகாது. அதனால் ஓட்டில் ஜன்னல் வெட்ட வேண்டும். அல்ட்ராசவுண்டுக்கும் இதே கதி, ஒலி அலை ஓட்டில் பட்டுத் திரும்பிவிடும். 'காயமில்லாமல்' என்று தலைப்புப் போட்ட கட்டுரைகளில் பாதி, ஜன்னல் வெட்டிய முட்டையைப் பற்றியவைதான். குஞ்சைத் தொடவில்லை என்பது உண்மை. வீட்டுக் கதவைப் பெயர்த்தோம் என்பதும் உண்மை.

சி.டி. ஸ்கேன் எலும்புக்கு நல்லது. ஒரு வேடிக்கை என்னவென்றால், கருக்குஞ்சு தன் எலும்புக்கான சுண்ணாம்பில் பெரும்பங்கை ஓட்டிலிருந்தே கரைத்து எடுத்துக்கொள்கிறது. ஆனால் மென்மையான உறுப்புகள் எக்ஸ்ரேயில் ஒன்றோடொன்று கலந்து தெரியும், தினம் எடுத்தால் கதிர்வீச்சும் சேரும்.

எம்.ஆர்.ஐ.க்கு ஓடு ஒரு பொருட்டே இல்லை. அது பார்ப்பது தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனை. கால்சியம் கார்பனேட் ஓட்டில் அதற்குப் பார்க்க எதுவுமில்லை, அதனால் ஓடு படத்தில் காணாமல் போய்விடும். எம்.ஆர்.ஐ. காந்தத்தின் வலிமையை டெஸ்லா என்ற அலகில் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் இருப்பவை பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா. முட்டைக்கு 7 டெஸ்லா சிறு விலங்கு ஸ்கேனர் என்றால் நன்றாக இருக்கும். கிளாஸ்கோவில் ஒரு குழு 2007-இல் அப்படி ஒரு 7 டெஸ்லா கருவியில், 12ஆம் நாளிலிருந்து பொரியும் வரை குஞ்சுகளைத் தொடர்ந்து பார்த்தது. மூளை, கண், ஈரல், சுருங்கிக்கொண்டே வரும் மஞ்சள் கரு, எல்லாம் தனித்தனியாகத் தெரியும்.

முதன்முதலில் அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் கண்ணைப் பார்த்துத்தான் மலைப்பார்கள். தலையில் பாதி கண்தான். மூளை இரண்டு கண்களுக்கு நடுவே கிடைத்த இடத்தில் ஒண்டிக்கொண்டிருப்பது போல இருக்கும். மஞ்சள் கரு வேறு தொல்லை கொடுக்கும். அது கொழுப்பு நிறைந்தது. இவ்வளவு வலுவான காந்தத்தில் கொழுப்பின் உருவம் தண்ணீரின் உருவத்திலிருந்து சற்றுத் தள்ளி விழும். புது மாணவர்கள் அந்த விளிம்பில் தெரியும் கறுப்புக் கோட்டைப் பார்த்து 'ஏதோ சவ்வு' என்று குறித்து வைப்பார்கள். நானும் குறித்திருக்கிறேன்.

ஆக, ஓடு தடையில்லை. அப்புறம் எது தடை? அசைவு. கருக்குஞ்சு நான்காம் நாள் வாக்கிலேயே அசையத் தொடங்கிவிடும். அதைச் சுற்றியுள்ள பனிக்குடச் சவ்வும் சுருங்கி விரிந்து அதைத் தொட்டில் போல ஆட்டும். இரண்டாம் வாரத்தில் உதையும் புரளலும் உச்சத்தில் இருக்கும். எம்.ஆர்.ஐ.யோ நிமிடக்கணக்கில் எடுக்கும் படம். கல்யாண வீட்டில் குழந்தைகளை வரிசையாக உட்கார வைத்துப் நெடுநேரம் அசையாமல் இருந்தால்தான் படம் விழும் பழைய காலத்துக் கேமராவில் எடுப்பது போலத்தான்.

இது எனக்கு உறைத்தது ஒரு தப்பினால். அசைவைக் குறைக்க முட்டையை ஸ்கேனுக்கு முன் குளிர்ப்பெட்டியில் வைப்பது வழக்கம். குளிர்ந்தால் குஞ்சு மந்தமாகும், படம் எடுத்ததும் இன்குபேட்டருக்குத் திருப்பிவிட்டால் மறுபடி சூடேறி வளரும். இயற்கைக்கு இது முழுக்கப் புதிதும் இல்லை. அடைக்கோழியும் தினம் சிறிது நேரம் முட்டையை விட்டு இரை தேடிப் போகத்தான் செய்கிறது. ஒரு நாள் ஸ்கேனரில் வேறொருவர் வேலை இழுத்துக்கொண்டே போக, என் முட்டை குளிர்ப்பெட்டியில் மணிக்கணக்கில் இருந்துவிட்டது. சாயங்காலம் எடுத்த படம், அதுவரை நான் எடுத்ததிலேயே மிகத் துல்லியமான படம். விரல் எலும்புகளின் குருத்தைக்கூட எண்ணலாம். பக்கத்தில் நின்றவர் பாராட்டினார். மறுநாள் அகச்சிவப்புக் கருவியில் வைத்தேன், துடிப்பு இல்லை. படம் அவ்வளவு தெளிவாக வந்ததே, உள்ளே எதுவும் அசையாததால்தான்.

அதனால்தான் ஒரு கட்டுரையில் மிக அழகான படம் இருந்தால் நான் முதலில் தேடுவது, அதன்பின் அந்த முட்டை பொரிந்ததா என்ற வரியைத்தான்.

குளிரூட்டுவதற்கு மாற்று, மயக்க மருந்து. இதில் முட்டையின் அமைப்பே உதவுகிறது. கோழி முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு, குஞ்சு மூச்சு விடுவதே அவற்றின் வழியாகத்தான். ஒரு மூடிய பெட்டியில் முட்டையை வைத்து ஐசோஃப்ளூரேன் வாயுவைக் காற்றோடு கலந்து விட்டால், ஊசி இல்லாமலேயே மயக்கம் உள்ளே போய்ச் சேரும். ஆப்பரேஷன் தியேட்டரில் மனிதர்களுக்குக் கொடுக்கும் அதே வாயுதான். மூன்றாவது வழி, ஒவ்வொரு வெட்டுப் படத்தையும் ஒரு நொடிக்குள் முடிக்கும் வேகமான ஸ்கேன் முறை. படம் கொஞ்சம் சொரசொரப்பாக வரும், ஆனால் குஞ்சைப் பாடுபடுத்த வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் முயன்று பார்க்கச் சொல்வேன்.

இனி தீக்கோழி. ஜெர்மனியில் யேனா பல்கலைக்கழக மருத்துவமனையில் மார்ட்டின் ஃப்ரீஸ்மயர் குழுவினர் தீக்கோழி முட்டையைக் கையில் எடுத்ததற்குக் காரணம் காசுதான். உடலில் எந்த இடம் அதிகம் குளுக்கோஸ் உறிஞ்சுகிறது, புது மருந்து எங்கே போய்ச் சேர்கிறது என்று காட்டுவது பெட் ஸ்கேன். எலிக்கும் கோழிக் கருவுக்கும் ஏற்ற சிறு பெட் ஸ்கேனர்கள் விலை அதிகம், எல்லா ஊரிலும் கிடையாது. மனிதர்களுக்கான பெட்-சி.டி. பெரிய மருத்துவமனைகளில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் சில மில்லிமீட்டருக்குக் கீழே அதனால் பிரித்துக் காட்ட முடியாது, கோழிக் கரு அதற்கு வெறும் ஒளிப்பொட்டு. ஸ்கேனரைச் சிறிதாக்குவதற்குப் பதில் முட்டையைப் பெரிதாக்கிவிட்டார்கள்! தீக்கோழி முட்டை ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ இருக்கும், அடைக்காலம் ஏறக்குறைய 42 நாள். அதற்குள் இருக்கும் கருக்குஞ்சின் உறுப்புகளை மனித ஸ்கேனரே காட்டிவிடும்.

இதில் ஊசி உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஃப்ளூரின்-18 என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்த குளுக்கோஸை ரத்தத்தில் ஏற்ற வேண்டும். ஓட்டுக்கு அடியில் ஒளியடித்து ஒரு நல்ல நாளத்தைத் தேடி, அதன் மேல் மட்டும் ஓட்டைத் தேய்த்துத் திறந்து, மெல்லிய குழாய் செருக வேண்டும். ஓடு கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் தடிமன், நாளமோ சவ்வோடு சவ்வாக ஒட்டிக் கிடக்கும். கை நடுங்கினால் ரத்தப்போக்கு, அந்த முட்டை போச்சு. ஃப்ளூரின்-18 கிட்டத்தட்ட 110 நிமிடத்தில் பாதியாகத் தேய்ந்துவிடும் என்பதால் நிதானமாகச் செய்யவும் நேரமில்லை. தீக்கோழி ஆண்டு முழுக்க முட்டையிடாது என்பது இன்னொரு தலைவலி.

புற்றுநோய் ஆய்வில் முட்டையின் பயன் வேறு மாதிரி. ஓட்டின் உட்புறத்தை ஒட்டி ரத்த நாளங்கள் பின்னிய ஒரு சவ்வு வளர்கிறது, ஆய்வகத்தில் 'கேம்' சவ்வு என்பார்கள். குஞ்சுக்கு நுரையீரல் வேலை செய்யும் வரை அதுதான் மூச்சு. குஞ்சின் எதிர்ப்பு சக்தி இன்னும் முதிராத அந்த நாட்களில் மனிதப் புற்றணுக்களை அந்தச் சவ்வின் மேல் வைத்தால் அது விரட்டுவதில்லை. சில நாளில் கட்டி வேர் பிடித்து, குஞ்சின் நாளங்களையே தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மருந்து கொடுத்தபின் கட்டி சுருங்கியதா என்று எம்.ஆர்.ஐ.யில் பார்க்கலாம், அதே கட்டியை மூன்று நாள் கழித்து மறுபடி பார்க்கலாம். குறை, கால அவகாசம். எட்டு பத்து நாளில் சொல்ல முடியாததை முட்டையிடம் கேட்டுப் பயனில்லை. மாதக்கணக்கில் மெதுவாக வளரும் கட்டிகளுக்கு எலியை விட்டால் வழி குறைவு. முட்டை எலிக்கு முழு மாற்று என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். எலிக்குப் போகும் முன் கழிக்க வேண்டியதைக் கழிக்கும் சல்லடை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆய்வகத்துக்கு வெளியேயும் இந்த நுட்பம் போயிருக்கிறது. முட்டைக் கோழி இனங்களில் சேவல் குஞ்சுகளால் பயனில்லை என்று பொரித்த அன்றே கொல்வது பல நாடுகளில் நடக்கும் வழக்கம். ஜெர்மனியில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 4.5 கோடி குஞ்சுகள் அப்படிப் போயின. 2022 ஜனவரி முதல் அங்கே அது தடை. முட்டைக்குள்ளேயே ஆணா பெண்ணா என்று பார்க்க வேண்டிய கட்டாயம் வந்ததும், மியூனிக்கின் ஆர்பெம் நிறுவனம் எம்.ஆர்.ஐ.யைப் பொரிப்பகத்துக்கே கொண்டுபோய், தானியங்கியாகப் படத்தைப் படித்துப் பிரிக்கிறது. வேறு சிலர் ஒளியைச் செலுத்தி இறகின் நிறத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். பழுப்பு முட்டையிடும் இனங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இறகு நிறம் வேறு என்பதால் அங்கே அது எடுபடும்.

வலிக்காதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு விலங்குச் சோதனை விதிகள் பாலூட்டிகளின் கருவைக் கடைசி மூன்றில் ஒரு பங்குக் காலத்துக்குக் காக்கின்றன, பறவைக் கருவைச் சேர்க்கவில்லை. பிரிட்டன் பறவைக்கும் அந்தக் கடைசிப் பங்கைக் கொடுக்கிறது. முட்டை ஆராய்ச்சி வேகமாக வளர்ந்ததற்கு அனுமதி வாங்கும் சிரமம் குறைவு என்பதும் ஒரு காரணம், இதை எங்கள் ஆட்கள் வெளியே அதிகம் சொல்வதில்லை. கோழிக் கருவின் மூளையில் 13ஆம் நாள் முதல் மின் அலைகள் பதிவானதாக மியூனிக் ஆய்வு காட்டியபின், ஜெர்மனி பாலினப் பிரிப்புக்கு அந்த நாளையே எல்லையாக வைத்தது. நான் இருந்த இடத்தில் இரண்டாம் வாரம் தாண்டிய முட்டைக்குக் குளிரூட்டலை விட்டுவிட்டு மயக்க வாயுவுக்கு மாறினோம். விதி கேட்டதால் அல்ல, அந்தக் குளிர்ப்பெட்டி முட்டைக்குப் பிறகு யாருக்கும் மனசு வரவில்லை.

கடைசியாக, எந்த நாளுக்கு எது என்று குழம்பினால்: முதல் மூன்று நான்கு நாள் ஒளி, ஜன்னல், ஓ.சி.டி. இரண்டாம் வாரத்திலிருந்து எம்.ஆர்.ஐ. எலும்பு மட்டும் வேண்டுமென்றால் சி.டி. மருந்தின் போக்கு வேண்டுமென்றால் பெட். 19, 20ஆம் நாள் வாக்கில் எம்.ஆர்.ஐ.யில் காற்றறை தண்ணீர் இல்லாததால் ஒரே கறுப்பாகத் தெரியும், அந்தக் கறுப்புக்குள் அலகின் நுனி நீட்டிக்கொண்டிருக்கும். முதல் மூச்சுக்குச் சவ்வைக் கிழித்துவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் ஸ்கேனருக்கு அனுப்ப மாட்டோம். முட்டையைக் காதருகே வைத்தால் கீச்சுச் சத்தமே கேட்கும்.